பொடித் தூசிக்கு எந்தத் துடைப்பம்? முறத்துக்கு முன்னால் நிற்கும் அந்த வெள்ளைக் கோடு

தும்மல் · ஞாயிறு, காலை 10.12

வணக்கம். சுவருக்குப் பட்டி (வர்ணத்துக்கு முன் சுவரைச் சமனாக்கப் பூசும் மாவு) வைத்துத் தேய்த்து வர்ணம் அடித்து முடித்துப் பத்து நாள் ஆகிறது. வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள், தூள் மட்டும் போகவில்லை. காலையில் பெருக்குகிறேன், மதியம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் வெளுத்துவிடுகிறது. எனக்குத் தூசி ஒவ்வாமை வேறு, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

கையில் மூன்று இருக்கிறது. ஈர்க்குமாறு: தூளில் சீப்பு இழுத்த மாதிரி கோடு போடுகிறது, அவ்வளவுதான். நீளக் கைப்பிடி போட்ட பிளாஸ்டிக் துடைப்பம்: கூட்டத்தான் செய்கிறது, ஆனால் பாதித் தூள் நாரிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் அங்கே உதிர்கிறது. பூந்துடைப்பம்: புதுசு, தன் பங்குக்கு அதுவே ஒரு வண்டி பூந்தூளைக் கொட்டுகிறது. நான் சுவர்த்தூளைப் பெருக்குகிறேனா துடைப்பத்தூளைப் பெருக்குகிறேனா என்றே தெரியவில்லை.

இதையெல்லாம் விட எரிச்சல் கடைசியில்தான். முறத்தில் அள்ளும்போது விளிம்புக்கு முன்னால் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். முறத்தைப் பின்னால் இழுத்தால் கோடும் பின்னால் வருகிறது. நேற்று அப்படியே வாசல் வரை போய்விட்டேன். எந்தத் துடைப்பம் வாங்குவது, வாங்கியதை எப்படிப் பார்த்துக்கொள்வது, யாராவது சொல்லுங்கள்.


மாடிப்படி · ஞாயிறு, காலை 10.20

வாக்யூம் வாங்குங்கள். இந்த விவாத இழையைப் பூட்டிவிடலாம்.


தச்சுப்பட்டறை · ஞாயிறு, காலை 10.51

மாடிப்படி, அவ்வளவு சீக்கிரம் பூட்டாதீர்கள். மரத்தூளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டு வாக்யூமில் பட்டித்தூளை இழுத்தால் இரண்டு விஷயம் நடக்கும். பத்து நிமிடத்தில் வடிகட்டி மாவு அப்பியதுபோல் அடைத்துக்கொள்ளும், இழுவை போய்விடும். வடிகட்டி சாதாரணமானதாக இருந்தால் பொடியிலும் பொடியாக இருப்பது உள்ளே போய் பின்பக்கம் வழியாக வெளியே வரும், மூக்கு உயரத்துக்கு. ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரம் என்றால் பரவாயில்லை, அது 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் என்ற தரத்துக்குச் செய்தது. வடிகட்டிக்கு முன்னால் பை போடும் இயந்திரமாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. அது வெறும் பட்டித்தூளா, இல்லை ஓடு வெட்டியது, கான்கிரீட்டில் துளை போட்டது எல்லாம் கலந்ததா? பட்டி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மாவுதான். ஆனால் கல், ஓடு, கான்கிரீட் வெட்டிய தூளில் படிகச் சிலிகா இருக்கும், நுரையீரலில் தங்கிவிடும் சாமான். அமெரிக்காவில் கட்டுமான வேலைக்கு 2016-ல் கொண்டுவந்த சிலிகா விதியில், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடிய இடத்தில் உலர்ந்தபடி பெருக்குவதையே தடுத்திருக்கிறார்கள். ஈரமாகப் பெருக்கவோ ஹெப்பா வாக்யூம் போடவோ வழியே இல்லாத இடத்துக்கு மட்டும்தான் விலக்கு. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் வரம்பு. அப்படித் தூள் என்றால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். நனைத்து அள்ளுங்கள், என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.


தும்மல் · ஞாயிறு, காலை 11.05

ஓடு, துளை எதுவும் இல்லை அண்ணா, சுவர் மட்டும்தான். தரை வழவழப்பான ஓடு, ஒரு அறையில் மட்டும் சொரசொரப்பான சிமெண்ட். வாக்யூம் இப்போதைக்கு இல்லை, துடைப்பத்திலேயே ஒரு வழி சொல்லுங்கள்.


நார்உரி · ஞாயிறு, மதியம் 1.30

துடைப்பம் கட்டுவது எனக்குத் தொழில். இந்த மாதிரி இழை எப்போதாவதுதான் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருக்கும் மூன்றில் பொடித் தூசிக்கு உரியது பூந்துடைப்பம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஈர்க்கு என்பது ஓலையின் நடு நரம்பு. ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாக விறைத்து நிற்கும், இரண்டு குச்சிக்கு நடுவே இடைவெளி. சருகுக்கும், மண் தரைக்கும், தண்ணீர் தள்ளவும் அதை அடிக்க ஆள் இல்லை. பொடிக்கு அது வேலைக்காகாது. பூந்துடைப்பம் மலைச்சரிவில் வளரும் ஒரு புல்லின் பூக்கதிர். கதிர் கிளைவிட்டு, கிளை மறுபடி கிளைவிட்டு, நுனியில் முடியை விட மெல்லிசாகப் போய் முடியும். அந்த நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து திரைபோல நிற்பதால்தான் பொடி நழுவாமல் முன்னால் போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: முதலில் துடைப்பத்தை விரித்து நடுவைப் பாருங்கள். பருமனாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே வெறும் தண்டும் குட்டைக் கதிரும் வைத்துக் கட்டி, வெளியே மட்டும் நல்ல கதிரைச் சுற்றிவிடுவது உண்டு. (எங்கள் தொழிலில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது.) அப்படிக் கட்டியது இரண்டு மாதத்தில் நடுவில் வழுக்கை விழும். அடுத்து, நுனியை உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி விடுங்கள். மடங்கி, விட்டதும் திரும்பி நிமிர்ந்தால் நல்ல கதிர். மடங்கியபடியே கிடந்தால் இளசாக வெட்டியது, பொடபொடவென்று ஒடிந்தால் முற்றியது அல்லது பழைய சரக்கு. முற்றிய கதிர்தான் அதிகம் உதிரும். கடைசியாக, பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கதிரை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் கட்டு தளர்வு, கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் வடிவம். உருண்டையாகக் கட்டியதில் நடுக்கதிர் மட்டும் தரையைத் தொடும், ஓரத்துக் கதிர் சும்மா காற்றில் ஆடும். விசிறிபோல் தட்டையாகப் பரப்பித் தைத்ததில் நுனி முழுக்கத் தரையில் படியும். சோளத் துடைப்பத்தைத் தட்டையாக அழுத்தித் தைக்கும் முறையை 1798-ல் அமெரிக்காவின் ஷேக்கர் என்ற கிறிஸ்தவ மதச் சமூகத்தைச் சேர்ந்த தியோடோர் பேட்ஸ் கொண்டுவந்தார் என்பார்கள். அதன் பிறகு அங்கே தட்டைத் துடைப்பம்தான் பரவலானது. பூந்துடைப்பத்திலும் பிடிக்கு மேலே இரண்டு வரிசை தைத்துப் பரப்பியது கிடைத்தால் அதையே எடுங்கள்.


பெட்டிக்குள்பெட்டி · ஞாயிறு, மதியம் 2.14

நார்உரி அண்ணன் தன் சரக்கை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் பிளாஸ்டிக் என்று ஒரே மூட்டையில் போட்டுக் கட்டுவது நியாயமில்லை. தும்மலிடம் இருப்பது கெட்டி நார் போட்ட சாதாரணத் துடைப்பமாக இருக்கும். ஒரு நாரின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெட்டிய குச்சிபோல மொட்டையாக இருந்தால் அது குப்பை தள்ள மட்டும். நுனி நான்கைந்தாகப் பிளந்து பஞ்சு மாதிரி விரிந்திருந்தால் அது பொடிக்கென்று செய்தது. இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், உறைக்குள் இருந்தால் சுத்தமாகத் தெரியாது.

செயற்கை நாருக்கு ஒரு பெரிய வசதி, கழுவலாம். பூந்துடைப்பத்தைக் கழுவ முடியுமா?


தும்மல் · ஞாயிறு, மதியம் 2.40

பார்த்தேன். மொட்டை. சுத்த மொட்டை.


காற்றோட்டம் · ஞாயிறு, மாலை 5.02

எல்லோரும் எந்தத் துடைப்பம் என்று பேசுகிறீர்கள், கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சாதாரணப் பிளாஸ்டிக் நார் கால் மில்லிமீட்டர் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 250 மைக்ரான். பட்டித்தூளில் பத்து மைக்ரானுக்குக் கீழே நிறைய இருக்கும். இந்த நாருக்கு முன்னால் அந்தத் துகள், லாரி டயருக்கு முன்னால் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. மேலே ஏறிப் போய்விடும். அதோடு இவ்வளவு சிறிய துகளைத் தரையோடு ஒட்டி வைக்கும் விசை, அதன் எடையை விடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் பெருக்கிய பிறகும் ஒரு படலம் மிச்சம் இருக்கிறது. உங்கள் துடைப்பத்தின் குற்றம் மட்டும் இல்லை அது.

தரையிலிருந்து விடுபட்டதாவது முறத்துக்குப் போகிறதா என்றால், வீச்சைப் பொறுத்தது. நாரை அழுத்தித் தள்ளும்போது அது வில்லாக வளைகிறது. வீச்சின் முடிவில் துடைப்பத்தைச் சட்டென்று தூக்கினால் வில் விடுபட்டு முன்னால் இருப்பதையெல்லாம் சுண்டிவிடும். நம்மில் பாதிப் பேர் பெருக்குவது அப்படித்தான், சரக் சரக் என்று சத்தம் கேட்டால்தான் பெருக்கிய திருப்தி. சுண்டியது காற்றில் ஏறும். அசையாத காற்றில், தண்ணீர் அடர்த்தி உள்ள 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடம். 2.5 மைக்ரான் என்றால் ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். 1 மைக்ரான் எட்டு மணி நேரம் மிதக்கும். சுண்ணாம்புத்தூள் தண்ணீரை விட இரண்டரை மடங்குக்கு மேல் கனம், அதனால் அந்த அளவுக்குச் சீக்கிரம் இறங்கும், ஆனால் மின்விசிறி ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் காலி. காலையில் பெருக்கி மதியம் கால் வெளுக்கிறது என்றீர்களே, அது புதுத்தூசி இல்லை. காலையில் நீங்களே மேலே அனுப்பியதுதான், சாவகாசமாக இறங்கி வந்திருக்கிறது.


தும்மல் · ஞாயிறு, மாலை 5.30

ஐயையோ. நான் விசிறியைப் போட்டுக்கொண்டுதான் பெருக்குகிறேன், வியர்க்கிறதே என்று.


ஈரத்துணி · ஞாயிறு, மாலை 6.11

விசிறி போட்டுப் பெருக்கினீர்களா? தோழி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். :)

துடைப்பமே வேண்டாம், ஈரத்துணி போட்டுத் துடையுங்கள் என்பதுதான் என் கட்சி. தூசி ஒவ்வாமை உள்ள வீட்டில் உலர்ந்து பெருக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.


தச்சுப்பட்டறை · ஞாயிறு, மாலை 6.25

கட்சி சரி, வரிசை தப்பு. இவ்வளவு பட்டித்தூள் கிடக்கும்போது நேராக ஈரத்துணி போட்டால் பால் கொட்டிய மாதிரி ஆகும். ஓட்டுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்து காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். முதலில் பெரும்பகுதியைக் கிளப்பாமல் கூட்டி அள்ள வேண்டும், மிச்சப் படலத்துக்குத்தான் துணி.

பட்டறையில் நாங்கள் செய்வது: மரத்தூளை லேசாக ஈரமாக்கி, பிழிந்தால் சொட்டக்கூடாது அந்தப் பதத்தில், தரையில் தூவிவிட்டு அதோடு சேர்த்துப் பெருக்குவோம். பொடி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு உருண்டுவிடும், காற்றில் கிளம்பவே கிளம்பாது. மரத்தூள் இல்லையென்றால் செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து நனைத்துப் பிழிந்து போடலாம். உங்கள் சிமெண்ட் தரை அறைக்கு இதுதான் சரி. வழவழப்பான ஓட்டில் வேண்டியதில்லை, மெழுகு பூசிய மரத்தரையில் செய்யவே கூடாது.


நார்உரி · ஞாயிறு, இரவு 8.47

பெட்டிக்குள்பெட்டி கேட்டதற்குப் பதில். பூந்துடைப்பத்தைக் கழுவலாம், ஆனால் கழுவுகிற விதம் உண்டு.

புதுத் துடைப்பத்தில் உதிர்வது அழுக்கு இல்லை, கதிரில் மிச்சமிருக்கும் பூவும் செதிலும். அது ஓர் அளவு வரைதான் இருக்கிறது, கொட்டித் தீர்ந்துவிட்டால் நின்றுவிடும். வீட்டுக்குள் பத்து நாள் கொட்டுவதற்குப் பதில் வெளியே ஒரே நாளில் கொட்ட வைக்க வேண்டும். வெளியில் கொண்டுபோய்ப் பிடியைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரத்தில் பக்கவாட்டாகத் தட்டுங்கள். நுனியைக் குத்தித் தட்டாதீர்கள், கதிர் ஒடியும். பிறகு அகலப் பல் சீப்பால் பிடிப் பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாக வாருங்கள், நான்கு பக்கமும். முதல் வாரலில் சீப்பு முழுக்கப் பச்சையும் வெளுப்புமாகச் சுருள் சுருளாக வரும், ஏழெட்டு முறை வாரினால் ஒன்றிரண்டு இழை மட்டும் வரும். தும்மல் உள்ளவர்கள் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நுனியை மட்டும், ஒரு சாண் அளவுக்கு, தண்ணீரில் நனைத்து உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் முழுக்கக் காய வையுங்கள்.

நுனியை மட்டும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? பிடிக்குள் இருக்கும் தண்டு தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பும்போது கட்டு இறுகும், காய்ந்ததும் தண்டு சுருங்கும், கட்டு அப்படியே நிற்கும், உள்ளே இடைவெளி விழும். அன்றிலிருந்து தினம் இரண்டு கதிர் கழன்று வரும். போதாததற்குக் கட்டுக்குள் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும், கருப்பாகும், நாறும். துடைப்பம் உதிர்கிறது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் பிடியோடு வாளியில் முக்கியவர்கள்தான். கதிர் ஒன்றுமே ஆகாமல் புதுசாக இருக்கும், பிடி மட்டும் அழுகியிருக்கும்.


இரவல்பேனா · ஞாயிறு, இரவு 9.20

சீப்பில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வாரினால் உதிராது, தூசியும் ஒட்டும் என்று எங்கோ பார்த்தேனே? நானும் செய்து பார்த்தேன். இரண்டு நாள் பிரமாதம். மூன்றாம் நாள் துடைப்பம் நுனி பிசுபிசு என்று ஆகி, தரையில் போன தடம் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இப்போது அது வாசலுக்கு வெளியே மட்டும்.


நார்உரி · ஞாயிறு, இரவு 9.31

வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், உண்மைதான், ஆனால் பிடித்ததை விடாது. துடைப்பம் கூட்டிக் கொடுக்கத்தான், சேர்த்து வைக்க இல்லை.


பெட்டிக்குள்பெட்டி · திங்கள், காலை 7.55

இந்த இடத்தில் நார்உரி அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், செயற்கை நாருக்கும் அதே வியாதி வேறு வழியில் வரும். காற்று வறண்ட நாளில் நைலானும் பிளாஸ்டிக்கும் தரையில் உரசி மின்னேற்றம் பெற்றுவிடும். அப்போது பொடி நாரோடு ஒட்டிக்கொண்டு தட்டினாலும் போகாது, தும்மல் சொன்ன அடுத்த அறை சமாச்சாரம் அதுதான். நார் நுனியை லேசாக, பனி படிந்த அளவுக்கு மட்டும், ஈரப்படுத்திவிட்டுப் பெருக்கினால் குறையும்.

கழுவுவதற்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, நாரை மட்டும் அலசல், பழைய சீப்பால் முடியை எடுத்தல். முடி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நாரின் அடியில் பாய்போலப் பின்னிக்கொண்டு அதற்குள் மாவு மாதிரி தூசியை அடைத்து வைத்திருக்கும். அதை எடுக்காமல் பெருக்கினால் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் நார் வளைந்து அப்படியே நின்றுவிடும். மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் நொறுங்கும். மரக்கட்டையில் நார் பதித்த வகை என்றால் ஊறப் போடவே கூடாது.

பொடிக்கு இன்னொரு நல்ல சாமான் குதிரை மயிர் பதித்த அகலத் தள்ளு துடைப்பம், பெரிய கூடங்களுக்கு அதுதான். வீட்டுக்குக் கொஞ்சம் அதிகப்படி.


மாடிப்படி · திங்கள், காலை 8.10

வாக்யூம் என்று சொன்ன பாவத்துக்கு இத்தனை பாடம். சரி, நானும் உருப்படியாக ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளைக் கோட்டுக்கு யாரும் பதில் சொல்லவே இல்லையே? எனக்கும் அதே பிரச்சினை, இருபது வருடமாக.


கூடம்மூன்று · திங்கள், காலை 9.48

கோடு பற்றி நான் சொல்கிறேன், தினம் மூன்று கூடம் பெருக்குகிறவள்.

முறத்தைக் கீழே வைத்து அதன் விளிம்பைக் கண் மட்டத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் முறம் என்றால் நடுவில் சற்று மேலே வளைந்திருக்கும், தரைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு நகம் நுழையும். தகர முறம் என்றால் எங்காவது நசுங்கியிருக்கும். குப்பை ஏறிவிடும், பொடி அந்தச் சந்துக்குள் போய் நிற்கும். நீங்கள் பின்னால் இழுத்ததும் வெளியே தெரிகிறது. மென்மையான ரப்பர் விளிம்பு உள்ள முறம் தரையோடு படியும், அதை வாங்குங்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் விளிம்பை நீளவாக்கில் ஈரத்துணியால் ஒரு தடவு தடவிவிட்டு வையுங்கள். மெல்லிசாக இருக்கும் ஈரம் சந்தை அடைத்துக்கொள்ளும், பொடி அடியில் நுழையாது.

அடுத்து, தூக்கி வைத்திருக்கும் கோணம். முறத்தின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் விளிம்பு கீழே அழுந்தும். நிறையப் பேர் தட்டையாக வைத்துவிட்டுத் துடைப்பத்தால் மோதுகிறார்கள், முறம் பின்னால் நழுவும், கோடு விழும்.

கடைசிக் கோட்டைப் பின்னாலேயே துரத்தாதீர்கள். இரண்டு முறை நேராக அள்ளுங்கள், மூன்றாம் முறை முறத்தைக் குறுக்காகத் திருப்பி, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளவாக்கில் பெருக்கி ஒரு புள்ளியாக்குங்கள். புள்ளியாகிவிட்டால் நனைத்த காகிதத்தை மடித்து ஒற்றி எடுத்துவிடலாம். இருபது வருடக் கோட்டுக்கு இருபது நொடி, மாடிப்படி.


மாடிப்படி · திங்கள், காலை 9.56

நீளவாக்கில்! எனக்கு ஏன் இது தோன்றவில்லை.


காற்றோட்டம் · திங்கள், காலை 10.15

அருமை. கூடம்மூன்று அக்கா, வீச்சு பற்றியும் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் கணக்குதான் சொல்ல முடியும், நீங்கள் கையால் செய்கிறவர்.


கூடம்மூன்று · திங்கள், மதியம் 12.40

பெரிதாக ஒன்றும் இல்லை. விசிறியை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுத் தொடங்குவேன். சுவரோரம், மூலை முதலில், பிறகு நடு. துடைப்பத்தைத் தள்ள மாட்டேன், இழுப்பேன், என் பக்கமாக, ஒரு முழ நீளத்துக்கு மேல் போகாது. வீச்சு முடிந்ததும் தூக்காமல் அங்கேயே ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் தரையிலிருந்து நேராக மேலே எடுப்பேன். சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் அழுத்துகிறேன் என்று அர்த்தம். நான்கு வீச்சுக்கு ஒரு தடவை, கூட்டிய குவியலுக்கு மேலேயே வைத்து நுனியை விரலால் இரண்டு தட்டு. அறை முழுக்க ஒரே குவியலாக இழுத்துக்கொண்டு போக மாட்டேன், ஆங்காங்கே அள்ளிவிடுவேன். பொடி எவ்வளவு தூரம் பயணம் போகிறதோ அவ்வளவு கிளம்பும்.

துடைப்பத்தைத் தினம் ஒரு பக்கமாகவே பிடிக்காமல் திருப்பிப் பிடிப்பேன். இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்ந்து அரிவாள் மாதிரி சாய்ந்துவிடும், அப்புறம் மூலைக்கு மட்டும்தான் உதவும்.


தும்மல் · செவ்வாய், இரவு 9.15

நீங்கள் எல்லோரும் சொன்னதைச் செய்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஒரு சோதனையும் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தரையிலேயே படுக்க வைத்து எரிய விட்டேன். சுத்தம் என்று நினைத்திருந்த தரை, அப்பப்பா. ஒவ்வொரு துகளுக்கும் நீளமாக ஒரு நிழல். நான் காலையில் பெருக்கிய வீச்சு விசிறி விசிறியாகத் தெரிந்தது, ஒவ்வொரு விசிறியின் ஓரத்திலும் சுண்டிவிட்ட பொடி அரைவட்டமாகப் படிந்து கிடந்தது. காற்றோட்டம் சொன்ன வில்லை நேரில் பார்த்துவிட்டேன்.

இன்று மாலை விசிறி இல்லாமல், முகக்கவசத்தோடு, தட்டிச் சீவிய பூந்துடைப்பத்தால் கூடம்மூன்று அக்கா சொன்ன மாதிரி இழுத்துப் பெருக்கினேன். முதல் அறைக்கு அரை மணி நேரம் ஆனது, பொறுமை போய்விட்டது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணி. துணியை ஆறு முறை அலசினேன், ஆறாவது தண்ணீரில்தான் பால் நிறம் போனது. பிறகு கைவிளக்கு வைத்துப் பார்த்தால் அரைவட்டம் இல்லை. இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம். சிமெண்ட் அறைக்கு நனைத்த செய்தித்தாள், அது நினைத்ததை விட நன்றாக வேலை செய்தது, காகிதம் சாம்பல் நிறமாகிப் போனது.

ஒரே குறை. பிடியில் கட்டு ஏற்கெனவே ஆடுகிறது. தூக்கிப் போட்டுவிடவா?


நார்உரி · செவ்வாய், இரவு 9.40

போடாதீர்கள், இரண்டு நிமிட வேலை. மூங்கில் அல்லது மரச் சிம்பு ஒன்றைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கூராகச் சீவி, பிடியின் மேல்முனையில், தண்டுகளுக்குச் சரியாக நடுவே வைத்து ஆப்பு மாதிரி தட்டி இறக்குங்கள். உள்ளிருந்து தண்டுகளை வெளியே தள்ளும், கட்டு தானாக இறுகும். ஓரத்தில் அடித்தால் கட்டு கிழியும், நடுவில்தான். அதற்கும் ஆடினால் கெட்டி நைலான் கயிற்றை இருக்கும் கட்டுக்குக் கீழே நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்கி, கடைசி முனையைச் சுற்றுக்கு அடியில் விட்டு இழுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நுனியில் நிற்க வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் ஒரு பக்கமாக மடங்கிவிடும். பிடியில் ஒரு வளையம் கட்டி ஆணியில் தொங்கவிடுங்கள், நுனி தரையைத் தொடாமல்.


ஈரத்துணி · செவ்வாய், இரவு 9.52

துடைத்த துணியையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோஃபைபர் துணி என்றால் தனியாகத் துவையுங்கள், துணிக்கு மென்மை கொடுக்கும் திரவம் போடாதீர்கள். அது இழையின் மேல் பூச்சு மாதிரி படிந்துவிடும், பிறகு துணி தூசியைப் பிடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும்.


தும்மல் · புதன், காலை 8.03

ஆப்பு அடித்தாயிற்று, கல் மாதிரி நிற்கிறது. காலையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன், வலது கால் சுத்தம். இடது காலில் கட்டைவிரலில் மட்டும் வெள்ளை. பார்த்தால், துடைப்பம் மாட்ட ஆணி அடித்தேன் இல்லையா, அந்தத் துளையிலிருந்து கொட்டிய பட்டி.


மாடிப்படி · புதன், காலை 8.05

வாக்யூம்.